நாலு வளாகமும் ஒரு போர்டும்

கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டது என்ற சமாசாரம் டெலிபோன் ஆபரேட்டர் மனோரமாவுக்கு மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டிரங்க் காலில்தான் தெரிந்தது.

"ஹலோ, திருத்தணி யூனிவர்சிட்டியா?"

"இல்லீங்க. ராங் நம்பர். இது டெக்னிகல் காலேஜ்."

ஒயரைப் பிடுங்கிவிட்டாள். உடனே டெலிபோன் போர்டில் மறுபடியும், கால் வந்தால் விழுகிற அதே குட்டி மூடி விழுந்தது. அதே குரல்.

"ஏம்மா, வெச்சுட்டியே! நேத்திலேர்ந்து நீங்க யூனிவர்சிட்டி. உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க. யாரும் சொல்லல."

"இப்ப நான் சொல்றேனே."

"சரிங்க. யாருக்குங்க கனெக்‌ஷன்?"

"வைஸ் சான்சலருக்குக் குடு."

"அப்படி இங்க யாரும் இல்லீங்க. பிரின்சிபால் இருக்காரு."

"அவர்தாம்மா இனிமே... அவரா, வேற யாராவதா... அது இன்னும் முடிவாகலை. நீ பிரின்சிபாலுக்கே குடு, போ."

கொடுத்தாள். இரண்டு பக்கமும் பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல, பேச்சு தனக்குக் கேட்காதபடி போர்டின் சாவியைத் தள்ளிவிட்டுக் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம். ஹலோ வரைக்கும்தான் அவளுடையது, அதற்குமேல் பேசுகிறவர்களுடையது. இதை அந்த ஆபீஸில் ஒருவரும் நம்பியதில்லை.

அந்தக் கல்லூரி பிறந்ததே திருத்தணியில் ஒரு நெல் மண்டியில். அறுபத்திரண்டில், வியாபாரம் நொடித்துப் பூட்டிக் கிடந்த மண்டியை வாடகைக்குப் பிடித்து, இரண்டு தறி, ஒரு லேத்து, ஒரு கரும்பலகை என்று போட்டு ஆரம்பித்தார்கள். மழை பெய்தால் பிரின்சிபால் அறைச் சுவரிலிருந்து இன்னமும் நெல் வாசனை வரும். சர்டிபிகேட் படிப்பு டிப்ளமோ ஆனது, டிப்ளமோ டிகிரி ஆனது. மண்டி போதவில்லை. நெசவுப் பிரிவுக்குப் பொதட்டூர்பேட்டையில் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். மெக்கானிக்கலுக்குக் கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாக ஒன்று. பம்புசெட்டு, டிராக்டர் சமாசாரங்களுக்கு கே.ஜி.கண்டிகையில் ஷெட்டுகள். நாலு இடத்திலும் பஸ் நின்றால் கண்டக்டர் "காலேஜ் எறங்கு, காலேஜ் எறங்கு" என்றுதான் கூவுவார். புதிதாகச் சேர வருகிற பையன்கள் கையில் டிரங்குப் பெட்டியோடு தப்பான காலேஜில் இறங்கி, வாட்ச்மேனிடம் அழாத குறையாக வழி கேட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பது ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிற கூத்து.

இப்போது, எண்பத்திநாலில், அந்த நாலும் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகம். ஒவ்வொன்றுக்கும் 'வளாகம்' என்று பெயர். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததை அட்டெண்டர் தேசப்பன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு மனோரமாவின் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, வளாகம்னா இன்னாக்கா?"

"காம்பவுண்டு சுவத்துக்கு உள்ள இருக்கறது, அண்ணே."

"நம்ம மண்டிக்குத்தான் காம்பவுண்டே கெடயாதே."

"அத்த என்னக் கேட்டா?"

"இன்னொண்ணு போட்டுகிறாங்கோ. டெம்பரவரி ஆளுங்க எல்லாரும் திங்கக்கெழம ரிஜிஸ்திராருகிட்ட போயி எந்த வளாகம் வோணும்னு வாயால சொல்லணுமாம். ஒருவாட்டி சொன்னா சொன்னதுதானாம். நாம கேக்குற எடத்துல நம்ம வேல இருந்தா பர்மனெண்டு."

"இல்லன்னா?"

"அத்த போடல."

மனோரமா எழுந்துபோய்த் தானே வாசித்துப் பார்த்தாள். அவன் சொன்னபடிதான் இருந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போடத்தான் இல்லை.

பத்து வருஷமாக அவள் டெம்பரவரி. டைப்பிஸ்ட் வரலட்சுமியும் டெம்பரவரிதான், தேசப்பனும்தான். ஆனால் டைப்ரைட்டர் நாலு வளாகத்திலும் இருந்தது. தண்ணீர் எடுத்து வைக்கவும் மணி அடிக்கவும் நாலு இடத்திலும் ஆள் வேண்டும். டெலிபோன் போர்டு மட்டும் ஒன்றே ஒன்று. அது தலைமை ஆபீஸ் எங்கேயோ அங்கே போகும். தலைமை ஆபீஸ் எங்கே என்பதை யாரும் சொல்லவில்லை. போர்டு ஓரிடத்திலும் மனோரமா ஓரிடத்திலும் போய் விழுந்தால் இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது காத்திருந்ததோடு சரி. அவளுக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலையில் ஆசையும் கிடையாது. அந்தக் குட்டி மூடிகள் டப் டப்பென்று விழும்போது யார் வீட்டுக் கதவையோ தட்டித் திறக்கிறவளைப்போல ஒரு பெருமை அவளுக்கு.

மத்தியானம் வரலட்சுமி டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"சொல்லுடி."

"இன்னாத்த சொல்ல?"

"ஹெட் ஆபீஸ் எங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாது வரலு."

"நாள் பூரா காதுல மாட்டிகினு ஒக்காந்துருக்க. தெரியாதாம்."

"ஹலோன்னதும் கழட்டி வெச்சுடுவேன். உனக்குத்தான் தெரியுமே."

"நீ கழட்டி வெக்கிறத நான் பாத்திருக்கேன். நான் இல்லாதப்போ கழட்டுறியான்னு யாரு கண்டா?"

"அடிப்பாவி!"

"கோச்சுக்காத. கனகம்மாசத்திரம்தான்னு எல்லாரும் சொல்றாங்கோ. திருப்பதி ரோடு, கார் நிறுத்த எடம். ஆனா அங்க கெணத்துத் தண்ணி உப்பு, பெரிய மனுசங்க வரமாட்டாங்கன்னும் சொல்றாங்கோ. கண்டிகையில எடம் இருக்குது, ஆனா மழ வந்தா சேறு. ஹெட் ஆபீஸ் இல்லாத மூணு வளாகத்தையும் கொஞ்ச நாள்ல இழுத்து மூடிடுவாங்களாம். அப்ப எங்கதான்டி போறது?"

"எனக்கும் அதே கேள்விதான்."

"வேணாம், விடு. பத்து வருச சிநேகிதம். சொல்ல மாட்ட."

வரலட்சுமி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள். மனோரமா மெய்யாகவே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சாவியைத் தள்ளுவதற்கு முன்னால் காதில் தானாக வந்து விழுந்த துண்டு ஒன்று உண்டு. முந்தாநாள் பிரின்சிபால் யாரிடமோ, "அங்கேயே வெச்சுக்கலாம் சார், அதுதான் சௌகரியம்" என்றார். அங்கே என்றால் எங்கே? ஆபீஸா, மகள் கல்யாணமா? அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் மாமியார் கௌரியம்மாளுக்குப் பல்கலைக்கழகமே புரியவில்லை.

"காலேஜ் நகந்து போவுதா?"

"நகரல அத்தே. இருக்கற எடத்துலயே இருக்குது. பேருதான் மாறிப்போச்சு."

"அப்ப எதுக்கு எங்க போறேன்னு கேக்குறான்?"

"அதான் அத்தே எனக்கும் புரியல."

"எங்களுக்கு இப்படித்தான் ஆச்சு. ராத்திரி படுக்கும்போது ஆந்திராவுல படுத்தோம். காலையில மெட்ராஸ் ஸ்டேட்டுல எழுந்தோம். வூடு அங்கதான் கீது, அடுப்பு அங்கதான் கீது. எங்க நைனா சாவுற வரைக்கும் நாம எங்க இருக்கோம், நாம எங்க இருக்கோம்னு கேட்டுகினே இருந்தாரு."

மனோரமாவின் புருஷன் ஆனந்தன் பஜாரில் தையல் கடை வைத்திருந்தான். சட்டைக் காலரைப் பல்லால் கடித்துப் பிடித்து நூல் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"நாலுல ஒண்ண சொல்லணும். அவ்ளோதானே? கண்ண மூடிகினு ஒண்ணு சொல்லிடு."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போனா என் கடையில காஜா எடுக்க வா. நானே பர்மனெண்டு பண்ணிடுறேன்."

"போங்க, உங்களுக்கு எல்லாம் சிரிப்பு."

"நைனா, சும்மா இரு நீ," என்று மகனை அடக்கினாள் கௌரியம்மாள். "நாயித்துக்கெழம மல மேல போயி பூ கேட்டுடலாம். ஒன் கல்யாணத்தையே பூ கேட்டுத்தான் முடிச்சேன்."

"அப்பவும் தப்பாத்தான் வந்துச்சு," என்றான் ஆனந்தன். மனோரமா ஊசிப் பெட்டியை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

பூ கேட்பது என்றால் அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. வழக்கமாக இரண்டு பொட்டலம்தான். வெள்ளைப் பூ வந்தால் காரியம் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. வாழை இலையில் மடித்து நாரால் கட்டி, வெளியே நிறம் தெரியாமல் சாமி முன் வைத்து, அந்தப் பக்கம் போகிற குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இந்தத் தடவை நாலு வளாகம், நாலு பொட்டலம். நந்தியாவட்டை வெள்ளை, அரளி சிவப்பு, சாமந்தி மஞ்சள், நாலாவதுக்குப் பூ அகப்படாமல் மருக்கொழுந்து. கௌரியம்மாளே உட்கார்ந்து கட்டினாள். கட்டத் தொடங்கியதிலிருந்து பிரித்துப் பார்க்கிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் சாமிக்குக் கவனம் சிதறிவிடும் என்பது அவள் மாமியார் வைத்துவிட்டுப் போன சட்டம்.

ஆகவே மாமியாரும் மருமகளும் ஊமைகளாக மலை ஏறினார்கள். படியில் தெரிந்தவர்கள் "இன்னா, நல்லாக்கிறீங்களா?" என்று கேட்டால் இருவரும் ஒன்றுபோலத் தலையை ஆட்டினார்கள். கொடிமரத்துக்குப் பக்கத்தில் பொட்டலங்களை வரிசையாக வைத்துக் கண்ணை மூடினார்கள். மனோரமா உருகி உருகி வேண்டினாள். போர்டு எங்கே போகுமோ அதைக் காட்டு முருகா. பிறகு, அப்போதுதான் மொட்டை அடித்துச் சந்தனம் தடவிய ஒரு பெண் குழந்தையைக் கௌரியம்மாள் சைகையால் அழைத்தாள். குழந்தை கொஞ்சம் யோசித்து ஒன்றை எடுத்தது.

பிரித்தார்கள். அரளி. பளிச்சென்று சிவப்பு.

"முருகா!" என்றாள் கௌரியம்மாள்.

"அப்பாடா!" என்றாள் மனோரமா. "நல்ல வேள அத்தே. எங்கயும் அலைய வேணாம்."

"ஏன், பஸ்ஸு இருக்குதே. காலைல ஏறினா ஒரே பஸ்ஸு."

"பஸ்ஸு எதுக்கு? நடந்தே போறதுதானே?"

"பொதட்டூர்பேட்டைக்கு நடந்து போவியா?"

"பொதட்டூர்பேட்டைக்கு எதுக்கு அத்தே?"

"இன்னாடி இது? சேப்பு பொதட்டூர்பேட்டைதானே?"

மனோரமா பிரித்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தே, சேப்புன்னா திருத்தணின்னு இல்ல நான் வேண்டிக்கினேன்? முருகனுக்குச் சேப்பு. முருகன் இருக்கறது இங்க."

"பொதட்டூர்பேட்டைன்னா சாயம். சாயம்னா சேப்பு. ஊருக்கே தெரியும். கட்டும்போதே மனசுல சொல்லித்தான் கட்டினேன்."

"எனக்குச் சொல்லலியே?"

"பேசக் கூடாதே! எப்படிச் சொல்லுவேன்?"

"கட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டிருக்கலாமே!"

குழந்தை இன்னொரு பொட்டலத்தையும் எடுக்கப் போயிற்று. அதன் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

"வேல என்னுது அத்தே. அப்போ சாமி நான் நெனச்சதைத்தானே கேட்டிருக்கும்?"

"பொட்டலம் நான் கட்டினது. கட்டினவ மனசைக் கேக்காம ஒன் மனசை எதுக்குக் கேக்கும்?"

"இன்னொருவாட்டி கேட்டுடலாமா?"

"வாயக் கழுவு. ஒரு விசயத்துக்கு ஒருவாட்டிதான். மறுபடி கேட்டா நம்பலன்னு ஆயிடும்."

அந்தப் பக்கம் வந்த குருக்களை நிறுத்தி விவகாரத்தைச் சொன்னார்கள். அவர் இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார்.

"வேலை யாருக்கோ அவா நெனச்சதுதான் கணக்கு," என்றார். கௌரியம்மாள் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, "ஆனா பெரியவா கையால கட்டினதுன்னா அதுவும் கணக்குதான். எதுக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிண்டு போங்கோ," என்று நழுவினார்.

அர்ச்சனை செய்துகொண்டு இறங்கினார்கள். பாதிப் படியில் தேசப்பன் குடும்பத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தான். மனோரமா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில் கௌரியம்மாள் அவனிடம் ஏதோ பேசியது அவளுக்குத் தெரியும். என்ன பேசினாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை பிரின்சிபால் அறையில் பதிவாளர் உட்கார்ந்தார். பெயர் மணவாளன். மெட்ராஸ்காரர், வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டெம்பரவரி ஆட்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். மனோரமா மட்டும் கூப்பிடும்வரை போர்டில் இருந்தாள். போய் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் கதவருகே ஒரு நிமிஷம் நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டோர்காரர் கும்பிடுகூடப் போட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வரலட்சுமி வந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தேங்க்ஸ்டி."

"எதுக்கு?"

"அப்படியே தெரியாத மாதிரி கேக்குறா பாரு! சரி சரி. எனக்கும் தெரியாது. ஒனக்கும் தெரியாது. சாமி சொல்லுச்சு, பூ சொல்லுச்சு. போதுமா?"

"எந்தப் பூ?"

"அதான்டி, ஒன்னால நேரா சொல்ல முடியாது, வேலைக்கு ஆபத்து. மாமியாரை விட்டுத் தேசப்பன்கிட்ட சொல்ல வெச்ச பாரு, கெட்டிக்காரி. பொதட்டூர்பேட்டை! நான் நெனச்சே பாக்கல."

"வரலு, இரு... ஏய், நீ இன்னா சொல்லிட்டு வந்த?"

"நீ சொன்னதைத்தான். எல்லாரும் அதேதான். வாட்ச்மேன் வரைக்கும்."

அதற்குள் தேசப்பன் வந்து, "அக்கா, ஒன்னியக் கூப்புடுறாரு," என்றான்.

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவளை உட்காரச் சொன்னார். பத்து வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்.

"உங்க பேர்தான் மனோரமாவா?"

"ஆங், ஐயா."

"காலையிலேர்ந்து வந்தவங்க அத்தனை பேரும் பொதட்டூர்பேட்டைங்கறாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கலை. கடைசியா அந்த வாட்ச்மேன்தான் சொன்னான், மனோரமாம்மாவுக்குத் தெரியும்னு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா."

"பயப்படாதீங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். போன்ல யார் பேசினாங்க? மேலேர்ந்தா?"

"நான் பேச்சைக் கேக்கறதே இல்லீங்க. ஹலோன்னதும் கழட்டி வெச்சுடுவேன்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"பூ கேட்டோங்க."

"யாரை?"

"முருகனைங்க. நாலு பொட்டலம் வெச்சோம். சேப்பு வந்துச்சு. எங்க அத்தை சேப்பு பொதட்டூர்பேட்டைன்னு நெனச்சுட்டாங்க. நான் திருத்தணின்னு நெனச்சேன். பேசக் கூடாதுங்களா, அதனால ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கல."

மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லிடுங்க. ஹெட் ஆபீஸ் எங்கன்னு எனக்கே இன்னும் சொல்லலை. மெட்ராஸ்ல கேட்டா, அங்க ஆளுங்க என்ன நெனைக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்கறாங்க. என் வீட்டுச் சாமானெல்லாம் லாரியில ஏத்தித் திருவள்ளூர்ல நிக்குது. டிரைவர் தெனம் கேக்கறான், சார் எங்க எறக்கணும்னு."

மனோரமா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். சொல்லவேண்டியவரே கேட்கிறார், அதுவும் தன்னை.

"ஐயா, முருகன் சத்தியமா..."

"சரி, வேண்டாம். உங்க வேலைக்கு ஆபத்து வரும்னு நெனைக்கறீங்க. புரியுது." அவர் பேனாவை எடுத்தார். "உங்க விருப்பத்தையாவது சொல்லுங்க. எந்த வளாகம்?"

அவள் வாயைத் திறந்தாள். மாமியார் சிவப்பு, தன் சிவப்பு, பிரின்சிபால் சொன்ன 'அங்கேயே', வாட்ச்மேன், கும்பிடு போட்ட ஸ்டோர்காரர், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சாத்திய கதவுக்கு அப்பால் போர்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எங்கிருந்தோ கூப்பிடுகிறார்கள், எடுக்க ஆளில்லை. அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

"சொல்லுங்கம்மா."

"திருத்தணிங்க," என்றாள்.

மணவாளன் கையில் பேனா அப்படியே நின்றது. "எல்லாரையும் அங்க போகச் சொல்லிட்டு நீங்க மட்டும் இங்கயா?"

"நான் யாரையும் போகச் சொல்லலீங்க ஐயா. போன் அடிக்குது. நான் போகலாமா?"

சாயந்திரத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. வராந்தாவில் தேசப்பன் அவளை மறித்தான்.

"அக்கா, இது நியாயமா? மல மேல வெச்சு ஒண்ணு சொல்ற, மண்டியில வந்து ஒண்ணு சொல்ற!"

"மல மேல நான் ஒண்ணுமே சொல்லல அண்ணே. சொன்னது எங்க அத்தை."

"அத்தை சொன்னா நீ சொன்னதுதான். எங்களையெல்லாம் பஸ் ஏத்திட்டு நீ இங்க ஜம்முனு ஒக்காந்துக்கலாம்னு பாத்தியா?"

"எனக்கே போர்டு எங்க போவும்னு தெரியல. பொதட்டூர்பேட்டைக்குப் போயிட்டா எனக்குத்தான் வேல இல்ல. புரியுதா?"

தேசப்பன் யோசித்தான். "அப்ப நீ ஏன் அங்க கேக்கல?"

போர்டில் மூடி விழுகிற சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். அவனும் அந்த ஓட்டத்தையே பெரிய சூழ்ச்சியாக எடுத்துக்கொண்டு போனான். வரலட்சுமி பேச்சையே நிறுத்திவிட்டாள். தாள் வாங்க வந்தால்கூடக் கதவைத் தட்டி, "ஆபரேட்டர் அம்மா" என்று மூன்றாம் மனுஷியைப்போலக் கூப்பிட்டாள். வீட்டில் கௌரியம்மாள் அதற்குமேல்.

"சாமி கைகாட்டின பக்கம் போகாம எதிர்ப்பக்கம் போய் நின்னுட்ட. இனிமே என்னைப் பூ கட்டச் சொல்லாத."

"என் மனசுல சாமி இங்கதான் அத்தே கை காட்டுச்சு."

"ஒன் மனசு, ஒன் மனசு! அப்ப நானு எதுக்கு மூச்சு வாங்க மல ஏறினேன்?"

ஆனந்தன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காஜா எடுக்கிற ஊசியில் நூல் கோத்து அவளிடம் நீட்டினான். அவள் சிரிக்க நினைத்தாள். அழுகைதான் வந்தது. அவன் ஊசியைச் சட்டைத் துணியில் குத்திவிட்டு, "ஏய், சும்மா விளையாட்டுக்கு," என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

உத்தரவு வந்தது. ஊழியர்களில் ஏறக்குறைய எல்லோரும் விரும்பிக் கேட்டுக்கொண்டதால் பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம் பொதட்டூர்பேட்டை வளாகத்தில் அமையும். மனோரமா அதை நோட்டீஸ் போர்டில் இரண்டு தடவை வாசித்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது, தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள், அதனாலேயே அது நடந்துவிட்டது. இதில் சாமி எங்கே வந்தது? மாமியார் சொன்னது பலித்துவிட்டது என்பது மட்டும் கண்ணெதிரே இருந்தது.

லாரி வந்து மேஜை, பீரோ, டைப்ரைட்டர் எல்லாவற்றையும் ஏற்றியது. வரலட்சுமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் மணவாளன் இரண்டு ஆட்களோடு போர்டு அறைக்கு வந்தார்.

"இதையும் கழட்டணும்மா. வேற வழியில்லை."

"அங்க போர்டை யாரு ஐயா பாப்பாங்க?"

"அங்க வேற ஆள் போடுவாங்க. நீங்க திருத்தணி கேட்டுட்டீங்களே. மாத்த முடியாதுன்னு நானே நோட்டீஸ் போட்டிருக்கேன்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றிப் போர்டின் மேல் வைத்தாள். ஒயர்களைச் சுற்றிவைக்கக் கை வரவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றார் மணவாளன். "எடுக்கறதுக்கு முன்னால டெலிபோன் ஆபீஸுக்கு ஒரு கால் போட்டுக் குடுங்க. லைனை மாத்தச் சொல்லணும்."

போட்டுக் கொடுத்தாள். கடைசிக் கால் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கம்போலச் சாவியைத் தள்ளினாள். ஆனால் அவர் அந்த அறையிலிருந்த போனிலேயே பேசியதால் ஒரு பக்கப் பேச்சு காதில் விழுந்தது.

"ஆமாம், பொதட்டூர்பேட்டை... நாலு லைன்... என்ன? வரிசையா? எத்தனை பேருக்கு அப்புறம்?... ஒரு லைனாவது?... வருஷமா?... போர்டு இருக்கே எங்ககிட்ட... லைன் இல்லாம போர்டை வெச்சுண்டு என்ன பண்றது, சரிதான்... சரி."

ரிசீவரை வைத்தார். ஆட்களைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு இதுவும் தெரியுமா?"

"எது ஐயா?"

"அங்க லைன் கெடைக்காதுன்னு."

"தெரியாதுங்க."

"உங்ககிட்ட கேட்டது என் தப்பு." அவர் ஆட்களைப் போகச் சொன்னார். "போர்டு இங்கயே இருக்கட்டும். அங்க லைன் வர்ற வரைக்கும்."

"அப்ப நான், ஐயா?"

"நீங்களும்தான். திருத்தணி வளாகத்துல போர்டு இருக்கு, ஆபரேட்டர் வேலை இருக்கு. நிரந்தரம்."

"மெய்யாவா ஐயா?"

"அங்க லைன் வர்ற வரைக்கும் நிரந்தரம்."

அப்படி ஒரு நிரந்தரம் உண்டா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கும் அதற்குமேல் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தலைமை ஆபீஸ் பொதட்டூர்பேட்டையில், தலைமை ஆபீஸின் வாய் திருத்தணியில். மெட்ராஸிலிருந்து யாராவது பதிவாளரைக் கூப்பிட்டால், "அவரு மத்தியானப் பஸ்ஸுல வருவாருங்க, இருந்து பேசுங்க," என்று மனோரமா சொல்லவேண்டியிருந்தது. அவரும் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு போர்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூடி விழுகிறதா என்று அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்கள், "யாரும்மா அது, ஒங்க அப்பாரா?" என்று கேட்டார்கள்.

ஒருநாள் பதிவாளருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வரலட்சுமி காகிதக் கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெட்ராஸோடு பேசி முடித்தாள். கிளம்பாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் புழுதி. மனோரமா செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"அங்க தண்ணி நல்லாருக்குது," என்றாள் வரலட்சுமி குடித்துவிட்டு.

"அப்படியா?"

"வேலையும் பர்மனெண்டு ஆயிடுச்சு. எல்லாருக்கும்."

"சந்தோசம் வரலு."

"தேசப்பன் அங்க ஒரு தறிக்காரங்க வூட்ல வாடகைக்குப் போயிட்டான். பசங்க தறி சத்தத்துல தூங்கவே இல்லன்னு தெனம் ஒன்ன ரெண்டு திட்டுத் திட்டுவான். அப்புறம், அவ நல்லவதான்னுவான்." முகத்தை அருகே கொண்டுவந்தாள். "மனோ. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்பவாச்சும் சொல்லு. ஹெட் ஆபீஸ் அங்க போவும்னும் ஒனக்குத் தெரியும், போர்டு இங்க நிக்கும்னும் ஒனக்குத் தெரியும். இல்ல?"

"ரெண்டும் தெரியாதுடி."

"அப்புறம் எப்படி நீ திருத்தணின்னு சொன்ன?"

"அதுவும் தெரியாது. வாய்ல வந்துச்சு."

வரலட்சுமி காகிதக் கட்டை மடியில் தட்டி அடுக்கினாள்.

"சரி, அத்த விடு. அஞ்சாவதா ஒரு வளாகம் அரக்கோணத்துல வருதுன்னு பேசிக்கிறாங்கோ. எங்க வூட்டுக்காரருக்கு அங்கதான் வேல. வந்துச்சுன்னா நான் அங்க கேட்டுகினு போயிடுவேன். வருமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதா?"

"தெரியாது வரலு. முருகன் சத்தியமா."

வரலட்சுமியின் முகம் மெல்ல மலர்ந்தது. எழுந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அப்ப வருது," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

"ஏய், இரு! நான் அப்படிச் சொல்லலடி!" என்று மனோரமா வாசல்வரை போனாள். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. அவள் திரும்பிவந்து ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வருமோ?